இடது கால் வீக்கம்

"உரஞ்சாதையும், மேரிறோஸ்! கையை எடும்!"

ஜெகதீஸ்வரி பாய்ந்து வந்து நோவெண்ணெய்ப் போத்தலைத் தட்டிவிட்டாள். அது லாஷப்பல் கடைத்தெருப் புடைவைக் கடையின் தரையில் உருண்டோடியது. நாற்காலியில் அவள் மகள் தாட்சாயினி. இடது கெண்டைக்கால் வீங்கி, இலேசாகச் சிவந்திருந்தது.

"உமக்கென்ன விசரே?" கடைக்காரி மேரிறோஸ் சீறினாள். "ஞாயிற்றுக்கிழமை கலியாணம். காலமை தொடக்கம் சட்டைக்கு அளவு குடுத்துக்கொண்டு நிண்ட பிள்ளைக்குக் கால் நோகாதே?"

"இது அந்த நோவில்லை. அம்புலன்ஸுக்குப் போன் அடியும்!"

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் மாக்சிம் காலை அழுத்திப் பார்த்தார். பிரெஞ்சில் கேள்விகளை அடுக்கினார். நீண்ட விமானப் பயணம்? காலில் அடி? கருத்தடை மாத்திரை?

"நோ(ன்)," என்று மூன்றுக்கும் இல்லையென்றாள் தாட்சாயினி.

டொக்டர் தோளைக் குலுக்கினார்.

"தசைப்பிடிப்பாம், அம்மா. ஸ்கான் நாளைக்கு எடுக்கலாமாம். வாங்கோ, போவம்."

ஜெகதீஸ்வரி கதவை மறித்து நின்றாள். "இப்பவே எடுக்கச் சொல்லு. எடுக்குமட்டும் இதிலையிருந்து அரக்கமாட்டன்."

"ஐயோ, மானம் போகுது!"

"போகட்டும். உன்ரை உசிர் போகாட்டிக் காணும்."

பொலிசைக் கூப்பிடுவோம் என்றார்கள். கூப்பிடுங்கோ என்றாள். கடைசியில் ஸ்கான் எடுத்தார்கள்.

திரையைப் பார்த்த டொக்டரின் முகம் மாறியது. காலின் ஆழ் நாளத்தில் இரத்தக் கட்டி! நகர்ந்திருந்தால் நுரையீரலை அடைத்திருக்கும். ஓடி வந்து ஊசி போட்டார்கள்.

"வெண்டிட்டீர், ஜெகதீஸ்!" கூடவே வந்திருந்த மேரிறோஸ் அவளைக் கட்டிப்பிடித்தாள். "டொக்டரையே மடக்கிப்போட்டீர்!"

டொக்டர் மாக்சிம் ஜெகதீஸ்வரியின் கையைக் குலுக்கி ஏதோ கேட்டார்.

தாட்சாயினி கண்ணீரோடு சிரித்தாள். "உங்களாலைதான் நான் தப்பினனாம், அம்மா. ஆனா இரத்தம் ஏன் கட்டினதெண்டு அவருக்கு விளங்கேல்லையாம். காரணம் தெரிஞ்சால்தான் திரும்ப வராமல் தடுக்கலாமாம். உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

ஜெகதீஸ்வரி நிமிர்ந்தாள். "நான் சொல்லுறதை அப்பிடியே அவருக்குச் சொல்லு, பிள்ளை. குளிசைப் பெட்டிக்குள்ளை கிடந்த தாளை இண்டைக்குத்தான் போனிலை தமிழாக்கி வாசிச்சனான்; கால் வீங்கினால் இரத்தக் கட்டியா இருக்குமெண்டு அதிலை கிடந்தது. கலியாணத்தண்டு உனக்குத் தீட்டு வரப்படாதெண்டு, மூண்டு கிழமையா உன்ரை காலமைத் தேத்தண்ணியிலை நான்தான் கருத்தடைக் குளிசையைக் கரைச்சுத் தந்தனான்."