சம்மதம் கேட்கும் கடை

மனைவி சம்மதிக்காமல் எந்தக் கணவனுக்கும் மதுக்கடையில் பாட்டில் தரக்கூடாது என்பது அந்த மாவட்டத்துச் சட்டம். பிரிந்து வாழ்ந்தாலும் கேட்டே ஆக வேண்டும். அதனால் தினமும் சாயங்காலம் கோமளவல்லியின் போன் அடிக்கும்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் வந்திருக்கார். கொடுக்கலாமா?" என்பான் கடைக்கார முனீஸ்.

"மகாராணிக்கு இன்னிக்காவது மனசு இரங்குதான்னு கேளு தம்பி" என்று பின்னாலிருந்து அவள் கணவன் தணிகாசலத்தின் குரல் வரும்.

"வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிடுவாள். அதைத் தவிர நாள் முழுக்க அவளிடம் பேச்சுக் கொடுக்க ஆள் கிடையாது.

அவன் பிறந்தநாளன்று என்னவோ பாவமாக இருந்தது. "சரி, கொடுங்க" என்றாள்.

மறுநாள் போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வராமல் போகவே, அவளே கடைக்குப் பேசினாள்.

"அவர் இப்ப ஆத்துக்கு அந்தப் பக்கக் கடைக்குப் போறார்க்கா. அது வேற மாவட்டம்" என்றான் முனீஸ்.

"அன்னிக்கு வாங்கினாரா?"

"இல்லக்கா. நீங்க சரின்னதும், 'அவ என்னைக் கைகழுவிட்டாப்பா'ன்னு பாட்டிலை மேசையிலேயே விட்டுட்டுப் போயிட்டார்."

"அந்தக் கடை நம்பர் இருக்கா தம்பி?" என்று கேட்டாள்.

"இருக்குக்கா. ஆனா நீங்க என்ன சொன்னாலும் அங்க கேக்க மாட்டாங்க. அங்க அந்தச் சட்டம் இல்லையே."