சட்டை போட்ட காசு

பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டினாள்.

உள்ளே காசு லொடலொடத்தது.

சரிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

தரம் பார்க்கும் கம்பெனி ஒரு காசைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஒட்டி, மேலே மதிப்பெண்ணும் நம்பரும் போட்டு அனுப்பினால், அது உள்ளே அசையாது. நிறைமாதப் பிள்ளைகூட அசையும். அது அசையாது.

எதிரே நின்றவன் சிரித்தான். தங்கப்பழம், சாத்தூர் என்று வந்ததுமே சொல்லியிருந்தான். கேட்காமலே பேரும் ஊரும் சொல்கிறவனிடம் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் வளர்ந்த கடைத்தெருவின் பாடம்.

மதுரையில் ஒரு கல்யாண மண்டபம். நாணயக் கண்காட்சி. முந்தின நாள் மணமக்களின் பெயர்கள் தெர்மாகோலில் இன்னும் தொங்கின. அதற்குக் கீழே வரிசையாக மேசைகள். எல்லா மேசைகளிலிருந்தும் ஓரக்கண்கள் அவள் மேல்தான்.

அவள் டூப்பு என்று சொன்ன காசு அந்த மண்டபத்தில் விலைபோனதில்லை. அப்படி ஒரு வாய்.

அந்த வாயால் ஒரே ஒரு காசைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

அவளுடைய சொந்தக் காசு. முப்பத்தொன்பதாம் வருஷத்து வெள்ளி ரூபாய். அதிகம் கிடைக்காத வருஷம். கை வளையலைக் கழற்றிக் கொடுத்து வாங்கியது. கம்பெனி ‘சந்தேகம்’ என்று எழுதி, பெட்டி போடாமல் வெறுங்காசாகத் திருப்பி அனுப்பிவிட்டது. அன்றிலிருந்து கைப்பையின் உள்ளறையில் கிடக்கிறது. நல்ல காசுதான் என்று அவள் சத்தியம் செய்தால், விற்கிறவள் வேறெப்படிச் சொல்லுவாள் என்கிறார்கள்.

இப்போது கையில் இருப்பதும் முப்பத்தொன்பதுதான்.

பெட்டியோடு.

நம்பரைப் போனில் தட்டினாள். கம்பெனியின் இணையப் பக்கத்தில் படம் வந்தது. படத்துக் காசில் இருந்த ராஜாவுக்குக் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. பெட்டிக்குள் இருந்த ராஜாவுக்குக் கன்னம் வழவழவென்று இருந்தது.

யாரோ ஒருத்தர் காசின் நம்பரைத் திருடி இதன் தலையில் ஒட்டியிருக்கிறார்கள்.

மூடியின் ஓரத்தில் நகத்தை வைத்தாள். நிஜப் பெட்டி என்றால் சுத்தியல் வேண்டும். இது கொட்டாவி விட்டது.

காசு உள்ளங்கையில் விழுந்தது.

நிஜப் பெட்டிக்காரன் இந்நேரம் அலறியிருப்பான். தங்கப்பழம் பதறவில்லை. அதுதான் இன்னும் உறுத்தியது.

பக்கத்து மேசைக் குணசீலன் கழுத்தை நீட்டினார்.

“என்ன மதினி, மாப்பிள்ளை டூப்பா?”

“பொறுங்க. இன்னும் தாலி கட்டலை.”

எட்டின் இடுப்பைச் சுரண்டி ஒன்பதாக்குகிற கெட்டிக்காரர்கள் உண்டு. லென்ஸை வைத்தாள். சுரண்டின தடம் இல்லை. காசை விரல் நுனியில் நிறுத்தி, பேனாவால் ஒரு தட்டுத் தட்டினாள்.

பாடியது.

நல்ல வெள்ளி பாடுகிற மாதிரி, நீளமாக. மின்விசிறிச் சத்தத்தையும் தாண்டி.

டூப்பு என்று சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டாள். பொய்ப் பெட்டிக்குள் பொய்க் காசு இருக்கும். நல்ல பெட்டிக்குள்கூடப் பொய்க் காசைச் செருகுவார்கள். பொய்ப் பெட்டிக்குள் எந்த மடையன் நல்ல காசை வைப்பான்?

“பெட்டி பொய்யி,” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

“தெரியும்க்கா.” அவன் கூசவே இல்லை. “நாந்தான் போட்டேன். வெறுங்காசா ஊரு ஊராக் கொண்டு போனேன். யாரும் கையில வாங்கிக்கூடப் பாக்கல. பெட்டி எங்கன்னாய்ங்க. ஒடம்பு வாட்டசாட்டமா இருந்து என்னக்கா, சட்டை இல்லாம வந்தவனைப் பந்தியில உக்கார விடுவாய்ங்களா? ஒரு சட்டை தச்சு வாங்கினேன். இப்ப வாங்க சார்ங்கிறாய்ங்க. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா இலையே போட்டுருவாய்ங்க.”

அவள் காசைப் புரட்டிப் பார்த்தாள்.

பிறகு, தன்னையறியாமல், மடியில் இருந்த கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

காசைப் பெட்டிக்குள் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். பெட்டி சமர்த்தாக வாயை மூடிக்கொண்டது.

“மதினி!” என்றார் குணசீலன். மூன்று மேசைகள் தள்ளி ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“காசு நல்ல காசு,” என்றாள், மண்டபத்துக்கே கேட்கும்படி.

பொய் இல்லை. பெட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பெட்டியை நீட்டினாள். அவன் பிடித்த பிறகும் தன் பக்கத்து முனையை விடவில்லை.

“தையக்காரன் எந்த ஊரு?”

“என்னதுக்கா?”

“என்கிட்டயும் ஒரு முப்பத்தொன்பது கெடக்கு. சட்டை இல்லாம.”

தங்கப்பழத்தின் சிரிப்பு நின்றது. வந்ததிலிருந்து முதல்முறையாக.

அவள் முகத்தைப் பார்த்தான். அவள் விரல்களைப் பார்த்தான். மடியில் கிடந்த கைப்பையைப் பார்த்தான்.

பெட்டியை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

பெட்டியின் ஓரத்தில் நகத்தை வைத்தான்.

உள்ளே இருந்தது தன் காசேதானா என்று, அதை விரல் நுனியில் நிறுத்தி, ஒரு தட்டுத் தட்டிக் காதருகே கொண்டுபோனான்.