பத்தாம் நம்பர் பூட்ஸ்

"அசையாம ஒரே இடத்துல நின்னா இதுல கால் மரத்துப் போகுமா? முதல்ல அதைக் கேளுங்க."

தாமரைச்செல்வி பூட்ஸைத் தலைகீழாகத் திருப்பி, தேங்காய் வாங்குபவள் மாதிரி அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்தாள். மதனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். மனைவி மனம் மாறிக் கடை வரைக்கும் வந்திருக்கும் நேரத்தில், சிரித்துக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள அவனுக்கென்ன பைத்தியமா?

கோடையில் அவன் பாறை ஏறப் போக ஆரம்பித்த நாளிலிருந்தே வீட்டில் சண்டைதான். வாரம் முழுக்க அமெரிக்காவின் குபெர்டினோ ஊர் ஆபீசில் ஒய்டுகே வேலை, அதாவது இரண்டாயிரம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் தேதியில் குழம்பாமல் பார்த்துக்கொள்வது. சனிக்கிழமை விடிந்தால் நண்பன் சயந்தனோடு மலைக்கு. ஒருவர் பாறையில் ஏறுவார். இன்னொருவர் கீழே நின்று, ஏறுபவரின் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வார். பிறகு மாறிக்கொள்வார்கள்.

"நீங்க விழுந்து வெச்சா இந்த ஊர்ல நான் யாரைப் போய்க் கூப்பிடுவேன்? எனக்கு டிரைவிங்கூடத் தெரியாது" என்று தாமரை அழுது பார்த்தாள். பேசாமல் இருந்து பார்த்தாள். மதன் மசியவில்லை. கடைசியில் கோபமெல்லாம் சயந்தன் மேல் திரும்பியது. ஆசை காட்டி அழைத்துப் போனவன் அவன்தானே? பெண்டாட்டியை ஃப்ரீமான்ட்டில் விட்டுவிட்டு அடுத்தவள் புருஷனைப் பாறையில் ஏற்றுகிறானே! அவன் வந்தால் காபியை டேபிளில் ணங்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை.

போன சனிக்கிழமை மதன் முழங்கையில் சிராய்ப்போடு வந்தான்.

"கால் வழுக்கிருச்சு. கயிறு கொஞ்சம் லேட்டா பிடிச்சுது, அவ்வளவுதான். அந்தக் குளிர்ல யாருக்குத்தான் கை கால் சொன்னபடி கேக்கும்? ரெண்டு பேரும் அங்க டான்ஸ்தான் ஆடிட்டிருந்தோம்" என்று சொல்லிச் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. சண்டையும் போடவில்லை. மறுநாள் அவளாகவே, "கிளம்புங்க, குளிருக்கு நல்லதா ஒரு பூட்ஸ் வாங்கணும்" என்றாள்.

தாடி வைத்த கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். குளிர் தரையிலிருந்துதான் ஏறும், அதனால் அடிப்பாகம் கனமாக இருக்க வேண்டும். உள்ளே விரலை ஆட்ட இடம் வேண்டும்.

"ரெண்டு சாக்ஸ் போட்டுக்கிட்டா போதாதா?" என்று மதன் கேட்டான்.

கூடவே கூடாது என்றார் கடைக்காரர். இறுக்கிப் பிடித்தால் ரத்தம் ஓடாது, கால் இன்னும் சில்லிட்டுப் போகும். ஒரே ஒரு கம்பளி சாக்ஸ் போதும்.

தாமரை கவனமாகக் கேட்டுத் தலையாட்டினாள். "பத்தாம் நம்பர் எடுக்கச் சொல்லுங்க."

"என் கால் எட்டு, தாமரை."

"எடுக்கச் சொல்லுங்கன்னா."

போட்டுக்கொண்டு நடந்தான். குதிகால் தனியாக வந்தது. "படகு மாதிரி இருக்கு."

"இருக்கட்டும். விரலை ஆட்ட இடம் வேணும்னு அவர்தானே சொன்னார்?"

வளர்கிற பிள்ளைக்கு வாங்குவதுபோல அளவு பெரிதாக வாங்கும் நம் ஊர்ப் பழக்கம், விமானம் ஏறி வந்தும் இவளை விடவில்லை என்று மதன் நினைத்துக்கொண்டான். முப்பது வயதுக்கு மேல் அவன் கால் எங்கே வளரப்போகிறது?

"அசையாம கொஞ்ச நேரம் நில்லுங்க" என்றாள். கிளாசுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மாணவனைப் போல அவன் நின்றான்.

"சூடா இருக்குங்களா?"

"இருக்கு."

"கால் மேல நினைப்பே போகலையே?"

"போகலை."

"அதுதான் வேணும். பில் போடச் சொல்லுங்க."

பால் வாங்கக்கூட கூப்பன் வெட்டுகிறவள், விலைச்சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இவளையா இத்தனை நாள் அழவைத்தோம் என்று மதனுக்கு வெட்கமாக இருந்தது.

காரில், "தேங்க்ஸ் தாமரை. எனக்காகப் போய் இவ்வளவு..." என்று தொடங்கினான்.

"உங்களுக்காகத்தான்" என்றாள் அவள், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

சனிக்கிழமை காலையில் பூட்ஸைத் தேடினால் வைத்த இடத்தில் பெட்டியைக் காணோம். அதற்குள் காலிங் பெல் அடித்தது. சயந்தன் வழக்கம்போல வாசலில் தன் பழைய கான்வாஸ் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

கதவைத் திறந்தவள் தாமரை. "வாங்க சயந்தன், உக்காருங்க" என்றாள்.

சயந்தன் பயந்துபோய் சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். அவள் பெட்டியைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள்.

"போட்டுப் பாருங்க. பத்துதானே? வாரா வாரம் வாசல்ல கழட்டிப் போடறீங்களே, அதுல நம்பர் பார்த்தேன்."

திகைப்போடு போட்டுப் பார்த்தான். "அளவாத்தான் கிடக்கு அக்கா. ஆனா எனக்கு எதுக்கு இது?"

"அதானே!" என்றான் மதன், குரல் உயர்ந்துவிட்டது. "அப்ப எனக்கு?"

தாமரை காபியைச் சத்தமில்லாமல் டேபிளில் வைத்தாள்.

"நீங்க மேல தொங்கும்போது கீழ நின்னு கயித்தைப் பிடிக்கறது இவர்தானுங்களே? இவர் கால் மரத்துச்சுன்னா விழறது நீங்க. உங்க கால் மரத்துச்சுன்னா விழறது இவர்தான், உங்களுக்கு இவர் வீட்டம்மா வாங்கித் தரட்டும்!"