பிளாஷ் மட்டும்

அப்பா போனபின் அவருடைய ஃபிலிம் கேமராவை விற்கக் கொண்டுபோனேன். அதன் அடியில் யாரோ பொருத்தியிருந்த குட்டிப் பித்தளைத் தாழ்ப்பாளைப் பார்த்ததும் கடைக்காரர் சகாயம் சிரித்தார். "கல்யாண போட்டோகிராபருங்க செஞ்சு வெச்சுக்கிறதும்மா. இதைத் தள்ளிட்டா பிளாஷ் அடிக்கும், படம் விழாது. மேடையில படம் எடுக்கச் சொல்லிக் கூட்டம் நெருக்கும்ல, ஃபிலிம் மிச்சம்." என் கல்யாணத்தில் இதே கேமராவில் படம் எடுத்தது அப்பாதான். ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட அக்கா அன்றைக்கு அழைக்காமலே வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிளாஷில் இருவருக்கும் கண் கூசியது. அந்தப் படம் மட்டும் விழவில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். அக்கா இன்னும் அந்தப் படத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "இது தானா நகர்ந்துக்குமாங்க?" என்றேன். சகாயம் விரல்நுனியால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. கட்டைவிரலைக் கொடுத்து அழுத்த வேண்டியிருந்தது.