ஷைனியின் முட்டை

கபடி ஆடும் ஷைனிக்கு விளையாட்டுத் திட்டத்திலிருந்து வந்த சாப்பாட்டுப் பையில் அன்று வழக்கமான இரண்டு முட்டை இல்லை. கொண்டுவந்தவன் அமுக்கிவிட்டான் என்றுதான் அம்மா அமலி நினைத்தாள். ஆனால் திட்டத்துப் பிள்ளைகளின் சத்துக்கும் செலவுக்கும் தானே கணக்குப் பார்த்து, இனி யாருக்கு எவ்வளவு தேவைப்படும் என்று ஊகித்து தினமும் பட்டியல் போடும் அவள் வீட்டு அடுப்படித் திரையிலேயே வெறும் ரசம் சாதம்தான் இருந்தது.

பக்கத்து வீட்டில் விசாரித்தாள். ஷைனியோடு ஆடும் கௌசல்யாவுக்கு வழக்கமாக வரும் இரண்டு முட்டை அன்று நான்காகியிருந்தது.

அமலி கோச்சுக்குப் போன் போட்டாள்.

"டீம் எடுத்துட்டீங்களா சார்?"

"நாளைக்குத்தானேக்கா செலக்‌ஷன். யாரு யாருன்னு எனக்கே தெரியாது."

முழங்காலில் பட்டை சுற்றிக்கொண்டே ஷைனி கேட்டாள்: "இன்னைக்கு எனக்கு என்னம்மா போட்டிருக்கு?"

அமலி திரையை முதுகால் மறைத்து நின்றாள்.

"ரெண்டு முட்டைடி. கடையில வாங்கிக்கச் சொல்லியிருக்கு."