நாலாவது ஆள்

"நம்ம 'பேருந்து' லோரெய்ன் லைன்ல இருக்காங்க" என்றான் கெல்சோ வானொலியில். "போன வருஷம் எங்க போனீங்க மேடம்? ஊரே காத்துக்கிட்டு இருந்துச்சு."

"வேலை இருந்துச்சு" என்றாள் லோரெய்ன்.

சமையலறை வானொலியின் ஒலியைக் குறைத்துவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். வெளியே ஏப்ரல் கடைசியிலும் ஏரிப் பக்கமிருந்து பனித்தூறல் வந்துகொண்டிருந்தது.

பந்தைக் கையில் ஏந்தி முட்டி மோதி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி ஆட்டக்காரர்களைப் பெரிய அணிகள் ஆள் ஆளாகப் பொறுக்கி எடுக்கும் திருவிழா முந்தைய நாள்தான் முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல், பூசை முடிந்து வந்தவர்கள் எல்லோரும் கெல்சோவின் நிகழ்ச்சியைத்தான் கேட்பார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே, புது ஆட்களைப் பற்றி லோரெய்ன் சொல்வதுதான் கடைசிச் சொல். அவள் வேண்டாம் என்று சொன்னவனை ஊர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியதில்லை. அவளுடைய குரலையும் அந்தப் பட்டப்பெயரையும் தவிர, அவளைப் பற்றி ஊருக்கு வேறெதுவும் தெரியாது.

"நம்ம அணி எடுத்த முதல் ஆளு?"

"ஆள் வீடு மாதிரி இருக்கான். கால் மட்டும் பூனைக்கால். இவன் முன்னால நின்னு மறைச்சா, நம்ம பந்து எறியற பையன் இனிமே பயப்படாம நிமிர்ந்து நிக்கலாம்."

"ரெண்டாவது? அந்தக் கலிபோர்னியா பையன்?"

"மான் மாதிரி ஓடறான். ஜனவரியில இந்த ஏரிக்காத்து அடிக்கட்டும், பந்தை விட்டுட்டுக் கையுறையைத் தேடுவான்."

கெல்சோ சிரித்தான். மூன்றாவது ஆள் பந்தை உதைப்பவன். "அவன் உதைக்கறதைவிட எங்க பாதிரியார் பிரசங்கம் தூரமாப் போகும்" என்றாள். கெல்சோ இன்னும் சத்தமாகச் சிரித்தான்.

"சரி கெல்சோ, அஞ்சாவது ஆளு..."

"இருங்க, இருங்க. நாலாவது ஆளைத் தாண்டிப் போறீங்களே."



அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சில நொடிகள் தாமதமாக, அவள் குரலே அவளுக்குக் கேட்டது. *சரி கெல்சோ, அஞ்சாவது ஆளு.*

பக்கத்து அறையிலும் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. மகன் தூங்கிவிட்டான் என்று நினைத்துத்தான் போனை எடுத்திருந்தாள்.

"மலகாய் பெட்வே" என்றான் கெல்சோ. சிரிப்பு போய்விட்டிருந்தது. "காலையிலிருந்து கூப்பிட்ட அத்தனை பேரும் இவனைத்தான் திட்டறாங்க. போன வருஷத்துக்கு முந்தின நவம்பர் ஆட்டத்துல அவன் இடிச்ச இடி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. தலையால முட்டினான்னு நடுவருங்க அவனை வெளியவே அனுப்பிட்டாங்க. பந்து வச்சிருந்த பையன் அதுக்கப்புறம் மைதானத்துப் பக்கமே வரல. இப்பேர்ப்பட்ட ஆளுக்கு நம்ம சட்டையைப் போட்டுவிடணுமா?"

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"செப்டம்பர்ல முதல் ஆட்டத்துக்கு அவன் உள்ள வரும்போது, மொத்த மைதானமும் முதுகைக் காட்டி நிக்கணும்னு பேசிக்கிறாங்க. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது."

உண்மைதான். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை எத்தனையோ மாதங்களாக அவள் நாக்கின் அடியிலேயே கிடந்தது.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

சுவருக்கு அப்பால் கெல்சோவின் கேள்வி மறுபடி கேட்டது. அங்கே கேட்டுக்கொண்டிருப்பவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

"தோளாலதான் இடிச்சான்" என்றாள் லோரெய்ன்.

"என்ன?"

"பெட்வே தலையால முட்டல. தோளைத்தான் கொடுத்தான்."

"நடுவர் அப்படிச் சொல்லலையே."

"அவங்க அவசரத்துல பார்த்தாங்க. நான் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்."  போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "பந்து வச்சிருந்த பையன் கடைசி நேரத்துல தலையைக் குனிஞ்சிட்டான். எல்லாப் பசங்களும் பண்றதுதான். குனிய வேண்டாம், குனிய வேண்டாம்னு சின்ன வயசுலேர்ந்து சொன்னாலும் கேக்காதுங்க. குனியாம இருந்திருந்தா நெஞ்சுல பட்டிருக்கும். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் போயிருப்பான்."

"சொல்லுங்க மேடம்" என்றான் கெல்சோ. 

"இன்னொண்ணு. ஆள் அசையலைன்னு தெரிஞ்சதும் ஓரத்துல இருந்த டாக்டரைப் பார்த்து முதல்ல கையாட்டினது அந்த பெட்வேதான். கூட்டம் அவனைத் திட்டிக்கிட்டு இருக்கும்போதே ஆட்டினான். அதை டிவியில காட்டல."

"அப்ப நீங்க எப்படிப் பார்த்தீங்க?"

"அன்னிக்கு நான் அங்க இருந்தேன்."

"சரி மேடம்" என்றான் கெல்சோ மெதுவாக. "பெட்வேக்கு என்ன மார்க்?"

"நாம எடுத்ததுலயே நல்ல ஆளு அவன்தான். முதுகைக் காட்டறவங்க காட்டட்டும். நான் காட்ட மாட்டேன்."

பேச்சைத் துண்டித்தாள். போனை மேசைமேல் வைத்தாள். சுவருக்கு அப்பால் அவளுடைய கடைசி வார்த்தைகள் கேட்டு முடிகிறவரை நின்றாள். பிறகு டயர் விளம்பரம் தொடங்கியது.

உறிஞ்சுகுழல் போட்ட தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தியிருந்தது. அவன் கண்கள் மட்டும் அவள் பக்கம் திரும்பின. கோபமா என்று அவளுக்குத் தெரியவில்லை. டம்ளரை நீட்டினாள். அவன் குடிக்கவில்லை.

"ஒண்ணை விட்டுட்டியேம்மா."

"எதைடா?"

"பெட்வே இடது பக்கம் திரும்ப கொஞ்சம் நேரமாகும்" என்றான். "அதை நம்பித்தான் நான் அந்தப் பக்கமா ஓடினேன்."