ஒரே ஒரு ஆட்சேபம்

"ஒரே ஒரு ஆட்சேபம் வந்திருக்கு" என்று திட்ட அதிகாரி உறையைத் தூக்கிக் காட்டியதும் மண்டபமே தலையில் கை வைத்தது.

யாருடையது என்று கேட்கவே வேண்டாம். மேட்டுத் தெரு ரிட்டையர்டு ரயில்வே கார்டுதான். தெருவிளக்கு போட்டால் ஆட்சேபம், குழாய்க்குக் குழி வெட்டினால் ஆட்சேபம். ஊர் அவருக்கு வைத்த பேர் 'சிவப்புக் கொடி'. மனிதர் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடலோரத் தெருவில் அறுபத்திரண்டு குடும்பம். வருஷத்துக்கு வருஷம் கடல் கிட்டே வருகிறது. பௌர்ணமி வந்தால் கட்டிலுக்கு அடியில் தண்ணீர். இனி அங்கே வீடே கூடாது, மேட்டுத் தெருவில் மூன்று மனைகளை எடுத்து நாலு மாடிக் குடியிருப்பு கட்டலாம் என்பது திட்டம். மனைக்காரர்களில் ஒருத்தர் மறுத்தாலும் திட்டம் அம்போதான். இரண்டு பேர் சரி என்றுவிட்டார்கள். மூன்றாவது, சிவப்புக் கொடி குடியிருக்கிற வீட்டு மனை.

கடலோரத் தெரு தையற்கார அக்கா எழுந்துவிட்டாள். "அம்மா, அதைப் படிக்கவே வேணாம். கிழிச்சுப் போடுங்க!"

"படிக்கணும்க்கா. முழுசா, சத்தமா. அதுதான் விதி."

அதிகாரி படித்தார். "நாலு மாடிக் கட்டடத்தை நான் வன்மையாக ஆட்சேபிக்கிறேன்."

"பார்த்தீங்களா! நாங்க மிதந்தாலும் பரவாயில்ல, இவருக்குக் காத்து வரணும்!" அக்கா கடைசி வரிசைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். "நல்லா இருங்க சார். மகராசனா இருங்க!"



அதிகாரி அடுத்த வரியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மறுபடி படித்தார்.

"நாலு மாடியில் அறுபத்திரண்டு வீடுதான் வரும். நான் கடலோரத் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை எண்ணினேன். எழுபத்தெட்டு. நாளைக்கு இவர்களுக்குக் கல்யாணம் ஆனால் எங்கே போவார்கள்? திரும்பவும் கடலோரத்துக்குத்தானே? ஆகவே அஸ்திவாரத்தை ஆறு மாடிக்குப் போடவும். நாலு மாடியை உடனே கட்டவும். மீதியைப் பிள்ளைகள் வளர வளரக் கட்டிக்கொள்ளலாம். என் மனைக்குச் சம்மதக் கையெழுத்து இத்துடன் இருக்கிறது. திட்டத்தில் என் பின்தோட்டத்தை விட்டுவிட்டீர்கள். அதையும் எடுத்துக்கொள்ளவும்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என்ன மனுஷன் இவர்! பக்கத்து வீட்டுக்காரன் பிள்ளையை யார் எண்ணுகிறார்கள் இந்தக் காலத்தில்?

"சார், எங்க ஆபீஸ்ல பதினோரு பேர் ரெண்டு வருஷம் உட்கார்ந்து போட்ட திட்டம் இது" என்றார் அதிகாரி. "இருக்கிற குடும்பத்தைத்தான் எண்ணினோம். வரப்போற குடும்பம் ஒருத்தருக்கும் தோணல. ஆறு மாடிக்கே அஸ்திவாரம் போட்டுடலாம். ஆனா அந்தத் தோட்டத்தை நாங்க மறந்து விடல. வீட்டையே கொடுக்கிறவருக்கு, அதுவாவது மிஞ்சட்டும்னு வேணும்னேதான் விட்டோம்."

சிவப்புக் கொடி அப்போதுதான் எழுந்து நின்றார்.

"எனக்குன்னு மிச்சம் வெச்சீங்களே, அதுக்குத்தாம்மா என் ஆட்சேபம்!"